விக்கல் நின்ற நாலு மணி நேரம்

ஜூன் 12, திங்கள்

விக்கல்: காலை 5.40 முதல் 7.15 வரை. 8.00 முதல் 1.30 வரை. பிற்பகல் 3.00 முதல் இதை எழுதும் இந்த நிமிடம் வரை.

சாப்பாடு: குழைய வடித்த கஞ்சி, இரண்டு வேளை.

தூக்கம்: விட்டு விட்டு.

இந்த நோட்டு டாக்டர் அம்மாளின் உத்தரவு. இன்றோடு பன்னிரண்டு நாளாக விக்கல். மூளைத்தண்டின் அடியில், முகுளம் என்கிறார்கள், அதன் ஓரத்தில் ஒரு பொடி ரத்தக் குழாய் அடைத்துவிட்டதாம். அடைத்த இடம் கடுகளவு. அதற்கு இடது கன்னம் மரத்துப்போனது, குரல் கரகரத்தது, நடந்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்ததில் மற்றதெல்லாம் கொஞ்சம் தேவலை. விக்கல் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப் போல் போகமாட்டேன் என்கிறது.

"எப்ப வருது, எப்ப நிக்குது, என்ன சாப்பிட்டீங்க, மனசு எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க" என்றார் டாக்டர். முப்பத்தெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். லைன் எப்போது அறுந்தது, எப்போது சரியானது என்று எழுதிப் பழக்கமுண்டு. மனசு எப்படி இருந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

நோட்டை வாங்கி வந்தவள் என் மகள் வடிவு. வயது முப்பத்தாறு. நர்சிங் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்துகிறாள். "நான் பிரிச்சுப் பாக்கமாட்டேன்ப்பா. நேரத்தை மட்டும் சொல்லுங்க, நான் போன்ல குறிச்சிக்கிடுதேன்" என்றாள். சொன்னால் சொன்னபடி நடப்பவள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் வந்து என் சரித்திரம் முழுவதும் கேட்டான். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று. வடிவு மருந்து வாங்கப் போயிருந்தாள். வலிப்பு இல்லை என்று சட்டென்று சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான். இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

விக்கல் நாள் முழுவதும். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 14, புதன்

விக்கல்: காலை நாலு மணி நேரம், மாலை மூன்று. மத்தியானம் தூங்கினேன், தூக்கத்தில் இல்லை.

கடுகளவு அடைப்புக்கு இத்தனை கூத்தா என்று வடிவிடம் சலித்துக்கொண்டேன். கரும்பலகையில் எழுதுகிறவள் அல்லவா, பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்துவிட்டாள். தண்டு மாதிரி ஒன்று. அதன் நடுவில் மேலிருந்து கீழ்வரை புள்ளி புள்ளியாக வைத்து, எல்லாவற்றையும் கோடுகளால் பின்னினாள்.

"இதுக்குப் பேரு ரெட்டிகுலர் ஃபார்மேஷன். வலைப்பின்னல்னு வச்சுக்கிடுங்க. மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, முழுங்குறது, இருமுறது, வாந்தி, விக்கல், எல்லாத்தையும் முறைப்படுத்துறது இந்தப் பின்னல்தான். காலையில முழிக்க வைக்கிறதும் இதுதான். நீங்க சொல்லி இது கேக்காது. அதுபாட்டுக்கு வேலை பாக்கும்."

"அப்ப எக்ஸ்சேஞ்சுன்னு சொல்லு."

"ஆமா, ஆப்பரேட்டர் இல்லாத எக்ஸ்சேஞ்சு" என்றாள். "வார சத்தம் அத்தனையையும் மேல அனுப்பாது. எது முக்கியமோ அதை மட்டும் தட்டி எழுப்பும். பஸ்ஸுல எவ்வளவு இரைச்சல்ல தூங்கினாலும் நம்ம பேரை யாராவது சொன்னா முழிச்சிக்கிடுதோம்லா? அது இதோட வேலை."

எனக்குப் புரிந்தது. இந்தப் பெண் பாடம் நடத்துவதைக் கேட்டால் கல்லுக்கும் புரியும். பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை.

ஜூன் 16, வெள்ளி

விக்கல்: மொத்தம் ஒன்பது மணி நேரம். இட்லியை மோரில் கரைத்துச் சாப்பிட்டேன்.

வடிவு ஐந்தரைக்கு எழுகிறாள். எனக்குக் கஞ்சி, அவளுக்குக் கட்டுச்சோறு, என் மாத்திரைகளை மூன்று கிண்ணங்களில் பிரித்து வைப்பது, ஏழரைக்கு பஸ் ஸ்டாப்புக்கு ஓட்டம். இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டில் ஸ்கூட்டி இருந்தது. ஐந்தாறு வருடம் முன்னால் விற்றுவிட்டாள். கேட்டால் இடுப்பு வலி என்பாள். கட்டிலும் சும்மா கிடக்கிறது, தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள். கதவைச் சாத்துவதில்லை. சித்தி மகள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போய்விட்டு, அங்கே தங்கமாட்டேன் என்று கடைசி பஸ் பிடித்து வந்தாள். கல்யாணம் ஆகாமல் நின்றுபோன பெண்களுக்கு இப்படிச் சில பிடிவாதங்கள் வந்துவிடும்போல.

கல்யாணம் கூடி வந்தது ஒருமுறை. ஆறு வருடம் ஆகிறது. அம்பாசமுத்திரத்து வரன், பையனுக்கு மஸ்கட்டில் வேலை. நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு எவனோ ஒரு பாவி மொட்டைக் கடிதம் போட்டுவிட்டான். பெண்ணுக்குத் தூக்கத்தில் வலிப்பு வரும் என்று. அதோடு முடிந்தது.

ஜூன் 18, ஞாயிறு

விக்கல்: காலை 6.00 முதல் 11.20 வரை. பிறகு 3.25 முதல்.

இடையில் நாலு மணி நேரம் ஐந்து நிமிடம் நின்றது. எப்படி நின்றது என்பதை எழுத வேண்டும். உண்மையை எழுதச் சொல்லித்தானே நோட்டு.

சங்கரன்கோவிலிலிருந்து என் தங்கை பிச்சம்மாள் வந்தாள். வந்தது முதல் வைத்தியம்தான். சீனியை நாக்கில் வை, மூச்சை அடக்கு, ஏழு மடக்குத் தண்ணீர் குடி. தண்ணீர் கூடாது, புரையேறும் என்று வடிவு சத்தம் போட்டாள். சரி என்று பிச்சம்மாள் அடங்கினாற்போல் உட்கார்ந்தாள். விக்கல் எடுப்பவரிடம், அவர் செய்யாத குற்றத்தைத் திடீரென்று சொல்லி அதிர வைத்தால் விக்கல் நின்றுவிடும் என்பது நம் ஊர் வழக்கம். சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் அம்மா செய்ததுதான். என்னைத் தம்ளர் திருடனாக்குவாள், அவளை மாங்காய்த் திருடியாக்குவாள்.

நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிச்சம்மாள் பின்பக்கமாக வந்து என் தோளில் ஓங்கித் தட்டி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"ஏ அண்ணே! நம்ம வடிவுக்கு மொட்டைக் கடுதாசி போட்டது நீதானாமே!"

விக்கல் நின்றுவிட்டது.

பேப்பர் கீழே விழுந்தது. பிச்சம்மாள் கைதட்டிச் சிரித்தாள். "பாத்தியாட்டி வடிவு, உங்க பெரிய டாக்டர் செய்யாததை நான் செஞ்சிட்டேன்! ஆகாததைச் சொன்னாத்தான் மனுசன் ஆடிப்போவான்!" வடிவும் சிரித்தாள். வாசலில் கோலப்பொடி விற்க வந்தவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வடிவு போனை எடுத்து நேரம் குறித்தாள். "திடுக்கிடுறதும் அதே வலைப்பின்னல்லதான்ப்பா நடக்கு" என்றாள். "யோசிக்கிற மூளைக்குச் சேதி போய்ச் சேருறதுக்கு முன்னாலயே உடம்பு தூக்கிப்போட்டுரும். அந்த அதிர்ச்சியில விக்கலோட தாளம் தப்பியிருக்கும்."

யோசிக்கும் முன்பே நடந்துவிடுமாம். சாப்பாடு இறங்கவில்லை. மனசு எப்படி இருந்தது என்றால், நன்றாக இல்லை.

ஜூன் 19, திங்கள்

விக்கல்: பதினோரு மணி நேரம்.

காலையில் கிண்ணத்தில் மாத்திரையை வைத்துக்கொண்டே வடிவு திடீரென்று, "எப்பா, அடுத்த வீட்டு முருங்கைக்காயை நீங்கதான் ஒடிச்சியளாமே!" என்றாள். விக்கல் அதுபாட்டுக்கு வந்தது. கல்லூரிக்குப் புறப்படும்போது, "ஆபீஸ்ல டெலிபோனைத் தூக்கிட்டு வந்துட்டியளாமே!" மாலையில், "அம்மாவுக்கு முன்னால வேற ஒருத்தியைப் பாத்து வச்சிருந்தியளாமே!" அதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. விக்கல் நிற்கவில்லை.

"அத்தை சொன்னதுக்கு மட்டும் நின்னுச்சே" என்றாள்.

"அவ அடிச்ச அடி அப்படி" என்றேன்.

போனில் ஏதோ குறித்துக்கொண்டாள். விளையாட்டுத்தான். பாடம் நடத்துகிறவர்களுக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஜூன் 20, செவ்வாய்

இன்று அவள் விளையாடவில்லை.

ஜூன் 21, புதன்

விக்கல்: பத்து மணி நேரம்.

காலையில் கஞ்சியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை.

"எப்பா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும். நான் தூக்கத்துல ஏதாவது செய்யுதேனா?"

"என்னத்தைச் செய்ய?"

"அந்தக் கடுதாசியைப் பத்திப் பேச்செடுத்தாலே உங்க முகம் மாறுது. அன்னைக்கு அத்தை சொன்னப்ப நீங்க பயந்துட்டிய. நான் பாத்தேன்."

கண்டுபிடித்துவிட்டாள், இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறாள் என்று புரிந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ" என்றேன். அவள் என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தாள். அந்த அழுத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று நாள் முழுவதும் யோசித்தேன். கோபக்காரி தோளை அழுத்தமாட்டாள்.

ஜூன் 23, வெள்ளி

விக்கல்: எட்டு மணி நேரம். இரவில் தூக்கம் இல்லை.

மாலையில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வடிவின் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர், ஆறுமுகநயினார். நாற்பது வயதிருக்கும். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறதாம், பிள்ளைகள் இல்லை. நுங்கு வாங்கி வந்திருந்தார். எனக்கு விழுங்கச் சுலபமாக இருக்கும் என்று யோசித்து வாங்கியிருக்கிறார். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

வடிவு அடுக்களைக்குப் போனதும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, வடிவு டீச்சரைக் கேட்டு வந்திருக்கேன். அவங்க இன்னும் பதில் சொல்லலை. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசிட்டுத்தான் சொல்லமுடியும்னு சொல்லிட்டாங்க. உங்களுக்குச் சம்மதந்தானா?"

விக்கல் வந்துகொண்டிருந்தது. மார்பில் கையை வைத்துக்கொண்டு, பேச முடியவில்லை என்று சைகை காட்டினேன். அவர் பதறி எழுந்து முதுகைத் தடவினார். "பரவாயில்லைய்யா, நீங்க சிரமப்படாதீங்க, பிறகு பேசிக்கிடலாம்" என்றார்.

பேச முடியாமல் இல்லை. அரை மணி முன்புதான் பால்காரனிடம் பால் தண்ணியாக இருக்கிறது என்று நாலு வார்த்தை விட்டிருந்தேன். விக்கலுக்கு நடுவே எவ்வளவோ பேசலாம். இந்த மனிதருக்குச் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கசந்தது. அவர் போன பிறகு எனக்கு வந்த முதல் யோசனை, காலையில் கஞ்சி யார் வைப்பார்கள் என்பது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

ஜூன் 24, சனி

நுங்கு நன்றாக இருந்தது.

ஜூன் 25, ஞாயிறு

விக்கல்: கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகவேண்டும் என்று ஸ்கேன் படத்தைத் தேடினேன். வடிவு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அவள் பீரோவின் மேல் தட்டில் ஒரு பழுப்பு உறை இருந்தது. என்னுடையது என்று பிரித்தேன். அவள் பெயர் போட்டிருந்தது.

தலையில் கம்பிகள் ஒட்டி எடுப்பார்களே, அந்த ஈ.ஈ.ஜி. படம். ஒன்று ஆறு வருடம் முந்தையது, இன்னொன்று நாலு வருடம். மதுரையில் எடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல், ஒருநாள் லீவு போட்டு, பஸ் ஏறிப் போய். இரண்டிலும் நார்மல் என்றுதான் இருக்கிறது. ஆனால் சீட்டில் டாக்டர் கையெழுத்தில் வேறு எழுதியிருக்கிறது. தூக்கத்தில் வலிப்பு வருவதாகச் சந்தேகம், வருவது நோயாளிக்குத் தெரிவதில்லை, படம் நார்மலாக இருந்தாலும் வலிப்பு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வண்டி ஓட்டக்கூடாது. உயரமான கட்டிலில் படுக்கக்கூடாது. கதவைத் தாழிடக்கூடாது. தனியாகத் தங்கும்போது கவனம்.

அதற்குக் கீழே: கண்ணால் கண்டவர், தந்தை.

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். நான் எதையும் பார்த்ததாக யாரிடமும் சொன்னதில்லையே என்று முதலில் வாதாடினேன், என்னோடு நானே. பிறகு ஞாபகம் வந்தது.

இனிமேல் சுற்றி வளைத்துப் பயனில்லை. அந்தக் கடிதத்தை எழுதிய பாவி நான்தான். இன்லாண்டு தாளில், இடது கையால், நாலே வரி. வீரவநல்லூர் வரை பஸ்ஸில் போய் அங்கே தபால் பெட்டியில் போட்டேன். பையன் குடிகாரன் என்று கேள்விப்பட்டதாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நான் எங்கும் கேள்விப்படவில்லை. என் மனைவி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வடிவு மஸ்கட்டுக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் நான் தனியாக ஸ்டவ் பற்ற வைக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

வலிப்பு என்று ஏன் எழுதினேன் என்றால், நடத்தையைப் பற்றி எழுத மனம் வரவில்லை. அதை என் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

கடிதம் கிடைத்ததும் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் நேரில் வந்தார்கள். பையனின் அம்மா ஆவுடையம்மாள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். "மொட்டைக் கடுதாசியை நாங்க நம்புறவங்க இல்லை. நீங்க பெத்தவுக, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆமாம் என்று சொல்லாததால் நான் பொய் சொல்லவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். அவர்கள் காபியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

வடிவு அப்போது அடுக்களையில் இருந்தாள். அந்தக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 26, திங்கள்

விக்கல்: பன்னிரண்டு மணி நேரம்.

மாலையில் வடிவிடம், "நான் செஞ்ச பாவத்துக்குத்தான் இந்த விக்கல்" என்றேன். அப்படி ஆரம்பித்தால் மிச்சமும் வந்துவிடும் என்று நினைத்தேன்.

"பாவமாவது!" என்றாள், துணி மடித்துக்கொண்டே. "ரத்தக் குழாய் அடைச்சிருக்கு, விக்கல் வருது. அந்தப் பின்னலுக்கு நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னு தெரியாதுப்பா. குழந்தைக்கும் விக்கல் வருது. நீங்க கண்டதையும் நினைச்சு மனசைக் கெடுத்துக்கிடாதிய."

எனக்கு அது தண்டனையாக இருந்தால் தேவலை என்று இருந்தது. அனுபவித்துக் கழித்துவிடலாம். அவள் அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள், அதுவும் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

மிச்சம் வரவில்லை.

ஜூன் 28, புதன்

காலையில் சொல்ல வாயெடுத்தேன். "வடிவு, அந்தக் கடுதாசி" என்று தொடங்கினேன். பெரிய விக்கலாக வந்து கஞ்சி புரையேறிவிட்டது. அவள் ஓடிவந்து என்னைக் குனிய வைத்து முதுகில் தட்டினாள். கண்ணில் நீர் வந்தது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அப்பாடா, இன்றைக்குத் தப்பித்தோம் என்று நினைத்தேன். அறுபத்தேழு வயதில் புரையேறியதற்குச் சந்தோஷப்பட்டவன் இந்தத் திருநெல்வேலியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நயினாருக்குச் சனிக்கிழமை பதில் சொல்கிறாளாம். "எனக்கு இருக்கிற குறையைச் சொல்லிட்டுத்தான் சம்மதம் சொல்லணும். பிறகு அவங்க இஷ்டம்" என்றாள். என்ன குறை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும்.

ஜூன் 30, வெள்ளி

டாக்டரிடம் போய் வந்தோம். இன்று எழுத முடியாது.

ஜூலை 2, ஞாயிறு

விக்கல்: நேற்று ஒன்பது மணி நேரம், இன்று இதுவரை நாலு. புது மாத்திரை கேட்கிறது போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை நடந்தது இது. டாக்டர் இந்த நோட்டைக் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். வடிவு போனில் குறித்திருந்த நேரங்களைப் பார்த்துவிட்டு, புது மாத்திரை ஒன்று எழுதப் போனார். பேனாவைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"இது சில பேருக்கு வலிப்பைத் தூண்டிவிடும். உங்களுக்கோ, குடும்பத்துல யாருக்குமோ வலிப்பு இல்லைன்னு இதுல இருக்கு. சரிதானே?"

நான் தலையாட்டுவதற்குள் வடிவு பேசினாள்.

"எனக்கு இருக்கு டாக்டர். தூக்கத்துல வருமாம். எனக்குத் தெரியாது. அப்பா பாத்திருக்காவ. எம்மேல உள்ள பாசத்துல யாருகிட்டயும் சொல்லமாட்டாவ." என் பக்கம் திரும்பி, தோளில் கைவைத்தாள். "இனிமே மறைக்க வேண்டாம்ப்பா. உங்க மருந்து விஷயம்லா?"

தூக்கத்தைப் பற்றிக் கேட்ட அன்று காலை தோளை அழுத்தினாளே, அதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் என்னைக் கண்டுபிடிக்கவே இல்லை.

"இவளுக்கு ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்றேன். விக்கல். "நான் ஒண்ணையும் பாக்கலை. அது பொய்." விக்கல். "மொட்டைக் கடுதாசி போட்டது நான்தான். இவ கல்யாணத்தை நிப்பாட்டணும்னு நான் எழுதினது. இவ மூளை நல்லா இருக்கு." விக்கல்.

உண்மையைச் சொன்னதும் நின்றுவிடும் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன். நிற்கவில்லை. அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வடிவின் கை என் தோளில் இருந்தது. அதை உடனே எடுக்கவில்லை. மறந்துபோய் வைத்திருந்தாள். பிறகு ஞாபகம் வந்ததுபோல் எடுத்துக்கொண்டாள்.

"டாக்டர், குடும்பத்துல வலிப்பு இல்லைன்னே இருக்கட்டும். எங்க அப்பா அன்னைக்குச் சொன்னது சரிதான்" என்றாள். குரல் வகுப்பு எடுக்கும் குரலாக இருந்தது.

நேற்று மாலை நயினாரோடு போனில் பேசினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உரிமையும் இல்லை. பிச்சம்மாளுக்கு நானே போன் செய்து சொன்னேன். கேட்டதும் அவள் போனை வைத்துவிட்டாள். அம்பாசமுத்திரத்துக்கு என் பெயரும் விலாசமும் போட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இன்று ஞாயிறு, நாளைக்குத்தான் சேர்க்க முடியும். வடிவு கஞ்சி வைக்கிறாள், மாத்திரை பிரிக்கிறாள், நேரம் கேட்டுக் குறித்துக்கொள்கிறாள். வேறு பேச்சில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் பேசியதை இன்னும் எழுதவில்லை. அதை எழுதத்தான் இரண்டு நாள் பிடித்தது.

வெயில் கொளுத்தியது. நிழற்குடையில் இடமில்லை, ஒரு தூணின் நிழலில் என்னை நிறுத்திவிட்டு அவள் வெயிலில் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கடுதாசியை நான் நம்பலைப்பா. எவனோ வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கான்னு தூக்கிப் போட்டிருப்பேன். அந்த அம்மா கேட்டப்ப நீங்க இல்லைன்னு சொல்லலை. அடுக்களையில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். எங்கப்பா பொய் சொல்லமாட்டாவ, அதான் இல்லைன்னு சொல்ல முடியலை, என்னைக் காட்டிக் குடுக்கவும் மனசில்லாம தலையைக் குனிஞ்சிக்கிட்டு நிக்காவன்னு நினைச்சேன்."

பஸ் ஒன்று வந்தது. எங்கள் பஸ் இல்லை. அது போகும்வரை நின்றாள்.

"பாயில படுத்தேன், வண்டியை வித்தேன். தூங்கினா என்ன ஆகுமோன்னு பயந்து பயந்து தூங்கினேன். அதெல்லாம் போகட்டும். அந்த மாப்பிள்ளையும் போகட்டும், அவன் முகம் கூட எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா இந்த ஆறு வருசமா, எனக்காக வாயைத் திறக்காம அவமானத்தைத் தாங்கிக்கிட்ட ஒரு அப்பா எனக்கு இருந்தாவ. அவ்வோளை நினைச்சுத்தான் ஒவ்வொரு நாளும் எந்திரிச்சேன். அப்படி ஒருத்தரு இல்லவே இல்லைன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் விக்கலோடு. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாகக் கூட இருந்திருக்கும்.

எங்கள் பஸ் வந்தது. படி உயரம், எனக்கு இன்னும் ஒரு பக்கமாக இழுக்கிறது. முன்னால் ஏறச் சொன்னாள். நான் சாய்ந்தால் பிடித்துக்கொள்ள என் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டே ஏறிவந்தாள். கை என்மேல் படவில்லை.